ஒரு பிள்ளைக்குத் துடுப்பா, எல்லாப் பிள்ளைக்கும் மைதானமா?

சென்ற மாதம் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்திருந்தார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் வீட்டையும், வீட்டுக்குக் கீழே இருந்த மரக்கறித் தோட்டத்தையும் மண் மூடிவிட, இப்போது தம்பி வீட்டின் ஒரு காம்பராவில் பிள்ளைகளோடு இருப்பவர். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஐம்பது வயது நிரம்பியதால் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்திருக்கிறது. அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேச வந்தார்.

“சாமி, சின்னவனைக் கிரிக்கெட் பழக கொழும்புக்கு அனுப்பலாம்னு இருக்கோம். ஒரு மாஸ்டர் வந்து பார்த்துட்டு, பந்துல நல்ல வேகம் இருக்கு, இப்ப விட்டா பிறகு வராதுன்னு சொன்னாரு. நீங்க ஒரு கடிதம் குடுத்தா போதும்.”

பையனுக்குப் பன்னிரண்டு வயது. மாதக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, துடுப்பு, சப்பாத்து, காலுக்குக் கட்டும் காப்பு என்று கொப்பித் தாளில் கணக்கு எழுதிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு வருடத்தில் சேமலாப நிதி முழுவதும் அதில் கரைந்துவிடும். மூன்றாவது வருடத்துக்கு அந்தத் தாளில் கணக்கு இல்லை. நான் கடிதம் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசிப்போம் அம்மா என்று சொல்லி அனுப்பினேன். முகம் வாடித்தான் போனார். அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வி உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்கிறது. இழப்புக்காகவோ ஓய்வுக்காகவோ ஒரு தொகை கைக்கு வரும்போது, அதைக் கேட்டு முதலில் வாசலில் நிற்பது பிள்ளையின் எதிர்காலம்தான்.

நான் தயங்கியதற்குக் காரணம், முன்பு ஒருமுறை தயங்காமல் கொடுத்த கடிதம். குருவாகி அதிக காலம் ஆகாத நாட்கள். ஒரு தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பந்து வீசுவதைப் பார்த்து நானே மயங்கிப் போனேன். கடிதம் எழுதினேன். தெரிந்தவர்களிடம் பணம் சேர்த்தேன். நகரத்துப் பாடசாலை ஒன்றில் இடம் வாங்கிக் கொடுத்தேன். மிச்சச் செலவை வீடு தாங்கியது. வீடு என்றால் யார்? அவனுடைய அக்கா. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, உயர்தரம் படிக்காமல் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய், தம்பிக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாள்.

பதினேழு வயதில் பையனுக்கு முதுகெலும்பில் வெடிப்பு. வளருகின்ற எலும்பை அதிகம் வேலை வாங்கினால் வேகப்பந்து வீச்சாளருக்கு வருகின்ற காயம் அது. இதற்காகவே சில நாடுகளில், இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் இத்தனை ஓவர்தான் வீசலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் பையனுக்கு யாரும் ஓவரை எண்ணவில்லை. பாடசாலைக்கும் வீசினான், வார இறுதியில் வேறு அணிக்கும் வீசினான். எட்டு மாதம் படுத்தான். அணியில் இடம் போயிற்று. கணிதம் சித்தியடையாத சான்றிதழோடு ஊருக்குத் திரும்பினான். இன்று முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். என்னைக் கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொள்வான், காசு வாங்கமாட்டான். அவனுக்கு என்மேல் கோபம் இல்லை. அவனுடைய அக்காவின் முகத்தைத்தான் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் உடனே ஒரு பதில் வரும்: “ஏன் சாமி, முரளி வரலையா?”

வந்தார். முத்தையா முரளிதரன் நம்மவர் என்று சொல்வதில் எனக்கும் பெருமைதான். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பேரன் 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். அந்த எண்ணிக்கையை வேறு எவரும் தொடவில்லை. 2023இல் ‘800’ என்ற பெயரிலேயே திரைப்படமும் வந்தது. ஆனால் அந்த லயத்துக்கும் இந்த எண்ணுக்கும் இடையில் என்ன இருந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தகப்பனார் கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தார். 1977 கலவரத்தில் அது எரிக்கப்பட்டது. திரும்பவும் தொழிலைத் தூக்கி நிறுத்தினார். பிள்ளை கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். அங்கே மைதானம் இருந்தது. சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த பையனைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அவர். பன்னிரண்டு வயதில் முரளியைப் பார்த்து எந்த மாஸ்டரும் எண்ணூறு விக்கெட் என்று சொல்லியிருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. பந்து கைவிட்டிருந்தால்கூட அவருக்குப் படித்த படிப்பும் குடும்பத் தொழிலும் மிஞ்சியிருக்கும். அந்தக் குடும்பம் உள்ளதையெல்லாம் ஒரே பிள்ளையின் கையில் வைத்துப் பந்தயம் கட்டவில்லை.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். இலங்கை முதல் டெஸ்ட் போட்டியில் ஆடியது 1982இல். அன்றிலிருந்து இன்றுவரை நாட்டுக்காக டெஸ்ட் ஆடிய ஆண்கள் இருநூறு பேர்கூட இல்லை. நாற்பது வருடத்துக்கு மேலான காலம். இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனத்தொகை. கொழும்பு, கண்டி, காலியின் பெரிய கல்லூரிகளில் நான்கு வயதிலிருந்தே பந்தோடு வளரும் பிள்ளைகளும் அதே இருநூறுக்குள்தான் நுழைய வேண்டும். கண்டி திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானத்தில் சர்வதேச டெஸ்ட் போட்டிகளே நடந்திருக்கின்றன. ஒரு பாடசாலைக்கு அப்படி ஒரு மைதானம்! நமது தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்கவே இடம் போதாது.

தமிழ்நாட்டிலிருந்து வேறொரு உதாரணம் காட்டுவார்கள். சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்கச் சம்பியனானார். பிள்ளைக்காகத் தகப்பன் தன் வேலையை விட்டார், பிள்ளையும் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தினான், பார்த்தீர்களா என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தகப்பனார் காது, மூக்கு, தொண்டை அறுவைச் சிகிச்சை வைத்தியர். தாயார் நுண்ணுயிரியல் படித்தவர். அவருடைய உழைப்பில் வீடு நடந்தது. பையன் தோற்றிருந்தால் தகப்பன் மீண்டும் வைத்தியசாலைக்குப் போயிருப்பார். சேமலாப நிதி ஒருமுறைதான் வரும். அடகுக் கடையில் மூழ்கிய தோடு திரும்பி வராது. பெரிய வீட்டுக்காரர் எடுக்கும் துணிவும் நாம் எடுக்கும் துணிவும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். விழுந்தால் விழும் ஆழம் வேறு.

வென்ற பிறகும் நிலைமை எப்படி என்பதற்கு நமது நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கேகாலை மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். முதலிடம் பெற்ற அமெரிக்கப் பெண்ணின் பதக்கம் ஊக்கமருந்துக் குற்றத்தால் பறிக்கப்பட்ட பின் அது வெள்ளியாக உயர்ந்தது. 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு நாட்டுக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் அது. அந்தப் பதக்கத்தை விற்கப் போவதாக 2018இல் அவரே பகிரங்கமாகச் சொன்னார். ஒலிம்பிக் வரை ஓடியவருக்கே இந்த நிலை என்றால், மாகாண மட்டத்தோடு நின்றுபோகும் பிள்ளையை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

இதை வாசித்துவிட்டு, சாமி விளையாட்டுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் படித்த குருமடத்தில் மாலை நான்கரைக்கு மணி அடித்தால் உதைபந்து கட்டாயம். என் முழங்கால் இன்றைக்கும் அதைச் சொல்லும். ஓடியாடும் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, தோற்றால் மறுநாள் திரும்பி வரப் பழகுகிறது. மண்சரிவுக்குப் பின் முகாம்களில் நான் கண்டது இது: இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொண்ட பிள்ளைகள், பகலில் ஒரு பழைய பந்து கிடைத்த பின்தான் மீண்டும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அந்தப் பந்துக்குச் செலவழித்த பணத்தைவிட நல்ல செலவு எதையும் அந்த மாதத்தில் நாங்கள் செய்யவில்லை. ஆகவே, செலவழிப்பதா இல்லையா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாருக்காக, எந்த வயதில், எதை விட்டுக்கொடுத்து என்பதுதான் என் கேள்வி.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். விளையாட்டு விடயத்தில் இது அவ்வளவு சரியில்லை. ஜேர்மனியைச் சேர்ந்த ஆர்னே கூலிச் என்பவரும் வேறு ஆய்வாளர்களும் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2022இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களாகி உலகத்தரத்துக்கு வந்தவர்கள், தேசிய மட்டத்தோடு நின்றவர்களைவிடச் சிறுவயதில் பலவகை விளையாட்டுகளை ஆடியவர்கள். தமது முக்கிய விளையாட்டைப் பிந்தித் தொடங்கியவர்கள். தொடக்கத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். சிறுவயதிலேயே முன்னால் நின்ற பிள்ளைகளிடம் கண்டது இதற்கு நேர்மாறு. பயிர் செய்பவர்களுக்கு இது புதுமையாக இருக்காது. யூரியாவை அள்ளிப் போட்டு முந்தி வளர்த்த நாற்று முதல் மழைக்கே சாய்வதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்! பன்னிரண்டு வயதில் “இப்ப விட்டா வராது” என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

நோர்வேயை நமக்குச் சமாதானப் பேச்சு நாட்களிலிருந்து தெரியும். அந்த நாட்டின் விளையாட்டுச் சங்கம் 1987இலேயே பிள்ளைகளுக்கென்று விதிகளை வகுத்தது. பதினொரு வயதுவரை போட்டிகளில் முதலாம், இரண்டாம் என்று தரவரிசைப் பட்டியல் போடுவதில்லை. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியச் சம்பியன் போட்டி கிடையாது. விளையாடும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தால் பரிசு, இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. இப்படிச் செல்லம் கொடுத்தால் எப்படி வெல்வார்கள் என்று நாம் கேட்போம். 2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அவர்கள் 16 தங்கம் எடுத்தார்கள். அதுவரை ஒரே குளிர்கால விழாவில் எந்த நாடும் அத்தனை தங்கம் எடுத்ததில்லை. நமது நாட்டின் சனத்தொகையில் நான்கில் ஒரு பங்குதான் அவர்களுடையது. அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பது சரியே. ஆனால் பணம் உள்ள நாடே பிள்ளையை அவசரப்படுத்தாதபோது, பணம் இல்லாத நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

அவசரமாகச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது பிள்ளையின் தட்டு. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது நூற்றுக்கு 17. சிறுவயதில் குறைந்த உயரத்தைப் பதினைந்து வயதில் எந்தப் பயிற்றுநராலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. மாதத்தில் இருபத்தைந்து நாள் பேர் விழுந்தால் அந்தக் கணக்கில் 33,750 ரூபாய். இங்கிலாந்து வில்லோ மரத்தில் செய்த நல்ல துடுப்பு ஒன்று அந்த மாதத்தையே விழுங்கிவிடும். அதே பணத்தில் வீட்டிலுள்ள மூன்று பிள்ளைகளுக்கும் எத்தனை மாதத்துக்கு முட்டை வாங்கலாம் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

படிப்பை விட்டுத்தான் விளையாட்டு என்ற எண்ணமும் நம்மிடையே பரவியிருக்கிறது. உண்மையில், விளையாட்டால் திறக்கும் கதவுகள்கூடப் படிப்பைக் கேட்கின்றன. தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டு. ஆனால் உயர்தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும். இராணுவமும் பொலிசும் சில கம்பனிகளும் வீரர்களை வேலைக்கு எடுக்கின்றன. அங்கேயும் முதலில் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். அந்த இடத்துக்குப் போகும் பாதையில் கட்டணமும் இல்லை. பாடசாலை, வலயம், மாகாணம், அகில இலங்கை என்று போட்டிகள் வருடந்தோறும் நடக்கின்றன. பிள்ளை பாடசாலையில் இருந்தால் போதும், பெயர் கொடுக்க ஓர் ஆசிரியர் மனம் வைத்தால் போதும். அந்த ஆசிரியரைச் சந்தித்துப் பேசியிருக்கிறீர்களா? கொழும்பிலிருந்து வந்த மாஸ்டரை எல்லோரும் சந்தித்திருக்கிறார்கள்.

இனி மைதானத்துக்கு வருவோம். மலையில் மட்டமான நிலமே கிடையாது, மைதானத்துக்கு எங்கே போவது என்பார்கள். நுவரெலியா நகரின் நடுவில் 1889இல் தொடங்கிய கொல்ப் மைதானம் பதினெட்டுக் குழியோடு விரிந்து கிடக்கிறது. ரதல்லயிலும் டிக்கோயா தரவளையிலும் துரைமார் கிளப்புகளுக்கு அழகான மைதானங்கள் அமைந்தன. அவற்றை வெட்டி மட்டமாக்கிய மண்வெட்டி யாருடைய பாட்டன் கையில் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆக, வேண்டியவர்கள் வேண்டும் என்று நினைத்தபோது மலையும் மட்டமாகியிருக்கிறது.

நமக்கு அவ்வளவு பெரிதும் தேவையில்லை. கிரிக்கெட் மைதானம் ஒழுங்காக அமைக்க மூன்று ஏக்கர் அளவு வேண்டும். கரப்பந்தாட்டத் தளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிவர மூன்று மீற்றர் விட்டாலும் பதினான்கு பேர்ச்சஸ் சொச்சம்தான். ஏழு பேர்ச்சஸ் வீட்டுத் துண்டில் ஏறக்குறைய இரண்டு. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து; பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். 1991இலிருந்து நமது நாட்டின் தேசிய விளையாட்டும் அதுதான் என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. அதே தளத்தில் கோடு மாற்றிப் போட்டால் பெண்பிள்ளைகள் வலைப்பந்து எறியப் பழகலாம். நமது லயங்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் தண்ணீர்க் குடத்தோடும் தம்பி தங்கைகளோடும் நின்றுவிடுகிறார்கள். பையனுக்கு ஒரு துடுப்பு வாங்கினால் அது அவன் கையில் மட்டும்தான் இருக்கும். லயத்துக்கு நடுவில் ஒரு தளம் இருந்தால் அக்காவும் அங்கே போகலாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மண்சரிவுக்குத் தப்பிய பாதுகாப்பான காணிகளைத் தேடி, அளந்து, துண்டு பிரித்து, உங்களைக் குடியேற்றும் பேச்சு நடக்கும் காலம் இது. வரைபடம் ஒருமுறை முடிவாகிவிட்டால் பிறகு ஒரு பேர்ச்சஸ்கூட அசையாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததிலிருந்து எத்தனையோ குடியேற்றப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். வீடு, தண்ணீர், பாதை என்று பேசுவார்கள், பேசத்தான் வேண்டும். பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று கேட்டவர்களை நான் கண்டது மிகக் குறைவு. நானும் அன்று கேட்கவில்லை.

அந்தத் தாய் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பையனுடைய பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரோடு பேசிவிட்டேன். இந்த வருட வலயப் போட்டிக்கு அவன் பெயரைச் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார், பந்து வீச்சுக்கு மட்டும் அல்ல, ஓட்டத்துக்கும் சேர்த்து. சேமலாப நிதியை வங்கியில் நிலையான வைப்பில் போடும் படிவத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன், முடிவு அவருடையது. கடிதமும் ஒன்று எழுதியாயிற்று. அது கொழும்புக்கு அல்ல, பிரதேச செயலாளருக்கு. புதிய குடியேற்றத்தில் இரண்டு வீட்டுத் துண்டு அளவான இடத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கக் கேட்டிருக்கிறேன். என் கையொப்பத்துக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் மேசை போட்டு வைப்போம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க மைத்தட்டும் இருக்கும். பூசைக்கு வராத குடும்பங்களும் வரலாம்.